கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்க அமெரிக்கா போகிறீர்களா? பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரிமினல் ஜஸ்டிஸில் இளங்கலை முடித்துவிட்டு எஃப்பிஐயில் சேரலாம் என்ற கனவோடு இந்தப் படிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தக் கனவை இப்போதே மடித்து வைத்துவிடுங்கள். எஃப்பிஐ சிறப்பு முகவராக அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். போதைப்பொருள் தடுப்பைப் பார்க்கும் டிஇஏ, அதிபருக்குப் பாதுகாப்பு கொடுக்கும் சீக்ரெட் சர்வீஸ் எல்லாமே அப்படித்தான். உள்ளூர் போலீஸ் துறைகளிலும் பெரும்பாலானவை குடியுரிமை கேட்கும், சில இடங்களில் கிரீன் கார்டு போதும். கலிஃபோர்னியா 2023 முதல் இதைத் தளர்த்தி, சட்டப்படி வேலை செய்ய அனுமதி உள்ளவர் யாரும் போலீஸில் சேரலாம் என்று ஆக்கியிருக்கிறது. ஆனால் படிப்பு முடிந்ததும் கிடைக்கும் ஒரு வருட வேலை அனுமதியை மட்டும் கையில் வைத்திருப்பவரை எந்தத் துறை மாதக்கணக்கில் செலவு செய்து பயிற்சிக்கு அனுப்பும், நீங்களே யோசியுங்கள்.

அப்படியானால் ஏன் படிக்க வேண்டும்? தாராளமாகப் படிக்கலாம். நான் படித்தேன், வருத்தப்படவில்லை. ஆனால் சீருடை இல்லாத வேலைக்குத்தான் படிக்கிறோம் என்பது முதல் நாளே உறைத்திருந்தால் முதல் இரண்டு வருடத்தை வேறு மாதிரி செலவழித்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் அமெரிக்கப் பிள்ளைக்கு இந்தப் பட்டம் மட்டுமே போதும், அவர் நேராகப் போலீஸ் தேர்வுக்கோ சிறைத்துறைக்கோ போய்விடுவார். உங்களுக்கு இந்தப் பட்டத்தோடு இன்னொரு கைத்தொழில் வேண்டும். கீழே சொல்லியிருப்பதில் பாதி அந்த இன்னொன்றைத் தேடுவதைப் பற்றித்தான்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நான்கு படிப்புகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குற்றம் ஏன் நடக்கிறது, யார் செய்கிறார்கள், எது குற்றம் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று சமூகவியல் கண்ணோட்டத்தில் கேட்பது கிரிமினாலஜி. குற்றம் நடந்த பிறகு போலீஸ், நீதிமன்றம், சிறை என்ற மூன்று அமைப்புகளும் எப்படி இயங்குகின்றன என்று பார்ப்பது கிரிமினல் ஜஸ்டிஸ். தடய அறிவியல் என்பது வேதியியலும் உயிரியலும். ஆய்வகத்தில் நிற்கப் பிடிக்காதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். நான்காவது சட்டம். அமெரிக்காவில் சட்டம் இளங்கலைப் படிப்பே இல்லை. ஏதோ ஒரு பாடத்தில் நான்கு வருடம் முடித்து, எல்சாட் போன்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதி, அப்புறம் மூன்று வருடம் ஜேடி என்ற சட்டப் பட்டம் படிக்க வேண்டும். கிரிமினல் ஜஸ்டிஸ் படித்தால் சட்டக் கல்லூரியில் தனிச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அவர்கள் எந்தப் பாடத்தையும் ஏற்பார்கள். வழக்கறிஞராவதுதான் உங்கள் ஒரே குறி என்றால், பள்ளி முடித்ததும் நேராக எல்எல்பி சேரக்கூடிய பிரிட்டன் மாதிரி நாடுகளையும் ஒரு பார்வை பாருங்கள்.

இந்தப் படிப்பின் பிறப்பைத் தெரிந்துகொள்வது கல்லூரி தேர்வு செய்யும்போது உதவும். பெர்க்லி நகரப் போலீஸ் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர் 1916-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் போலீஸ் வகுப்புகளைத் தொடங்கினார். அப்புறம் 1968-ல் வந்த ஒரு மத்தியச் சட்டத்தின் வழியாகப் போலீஸ்காரர்கள் கல்லூரிக்குப் போக அரசுப் பணம் கொட்டியது, நாடு முழுக்க இந்தத் துறைகள் காளான் மாதிரி முளைத்தன. அதனால்தான் இன்றைக்கும் பல கல்லூரிகளில் இது உள்ளூர் இளைஞரை உள்ளூர் போலீஸுக்குத் தயார் செய்யும் தொழிற்படிப்பாகவே இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தால் ரோந்து அறிக்கை எழுதுவது எப்படி, கைதியை அறை மாற்றுவது எப்படி என்று படிப்பீர்கள். உங்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கல்லூரியைப் பிரித்துப் பாருங்கள்

தரவரிசையைவிடப் பாடத்திட்டத்தைப் படியுங்கள். புள்ளியியலும் ஆய்வு முறைகளும் கட்டாயப் பாடமாக இருக்கின்றனவா? குற்றவியல் கோட்பாட்டுக்குத் தனி வகுப்பு உண்டா? ஆசிரியர்களில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள் மட்டும் இருக்கிறார்களா, ஆய்வாளர்களும் இருக்கிறார்களா? இரண்டு தரப்பும் கலந்திருந்தால் நல்லது. முன்னாள் துப்பறிவாளர் ஒருவர் வாக்குமூலம் வாங்குவதைப் பற்றிச் சொல்லித்தரும் வகுப்புக்கு ஈடே இல்லை, ஆனால் எட்டு வகுப்பும் அதுவாகவே இருந்தால் மேற்படிப்புக்குப் போகும்போது திணறுவீர்கள்.

நியூயார்க்கில் இருக்கும் ஜான் ஜே கல்லூரி 1964-ல் இந்தத் துறைக்காகவே தொடங்கப்பட்டது, நகரப் பொதுப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை 1935-லிருந்து இருக்கிறது. ஆல்பனி, மேரிலாந்து, ஃப்ளோரிடா ஸ்டேட், டெக்சாஸில் உள்ள சாம் ஹூஸ்டன் ஸ்டேட், கலிஃபோர்னியாவின் அர்வைன் எல்லாம் ஆய்வுக்குப் பேர்போனவை. பட்டியல் இதோடு முடியவில்லை, தேடத் தொடங்க ஒரு நூல்முனை கொடுத்தேன், அவ்வளவுதான்.

செலவைக் குறைக்க முதல் இரண்டு வருடம் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். நல்ல வழிதான், ஆனால் இந்தத் துறையில் ஒரு பொறி இருக்கிறது. சமுதாயக் கல்லூரிகள் தரும் இரண்டு வருடப் பட்டங்களில் ஏஏ, ஏஎஸ் என்பவை மேலே படிக்கப் போகிறவர்களுக்கானவை. ஏஏஎஸ் என்பது நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கானது. கிரிமினல் ஜஸ்டிஸ் ஏஏஎஸ்-இல் சேர்ந்துவிட்டால் அதன் கிரெடிட்டுகளில் பாதியைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் போகலாம், ஒரு வருடம் கூடுதலாகப் படிக்க நேரும். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் என்ற பட்டியலைச் சேரும் முன்பே கேட்டு வாங்குங்கள், எழுத்தில்.

இப்போது மிக முக்கியமான ஒன்று, யாரும் சொல்லித்தராத ஒன்று. அமெரிக்காவில் ஒவ்வொரு படிப்புக்கும் சிஐபி என்ற ஓர் அரசாங்கக் குறியீட்டு எண் உண்டு, கல்லூரி உங்களுக்குத் தரும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தில் அது அச்சாகியிருக்கும். படிப்பு முடிந்ததும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குக் கிடைக்கும் வேலை அனுமதிக்கு ஓபிடி என்று பெயர், அது 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த படிப்புகளின் அரசுப் பட்டியலில் உங்கள் எண் இருந்தால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். சாதாரண கிரிமினல் ஜஸ்டிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. தடய அறிவியல் இருக்கிறது, கணினித் தடயவியல் இருக்கிறது, தரவு அறிவியலும் இருக்கிறது. ஒரே கட்டடத்தில், ஒரே பேராசிரியர்களிடம் படிக்கும் இரண்டு மாணவர்களில் ஒருவருக்கு ஒரு வருடமும் இன்னொருவருக்கு மூன்று வருடமும் கிடைப்பது இப்படித்தான். விண்ணப்பிக்கும் முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு இந்தப் படிப்பின் சிஐபி எண் என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் அலுவலகம் என்றால் அதிலிருந்தும் ஒன்று தெரிந்துகொள்ளலாம்.

விண்ணப்பம், பணம், விசா

விண்ணப்பம் மற்ற இளங்கலைப் படிப்புகளுக்குப் போலத்தான், அதில் இந்தத் துறைக்கென்று தனிச் சிக்கல் இல்லை. கட்டுரையில் மட்டும் தொலைக்காட்சித் தொடர் பார்த்து ஆர்வம் வந்தது என்று எழுதாதீர்கள், அதே வரியை அந்த வாரத்தில் இன்னும் நாற்பது பேர் எழுதியிருப்பார்கள். உங்களைச் சுற்றி நடந்த ஒன்றைப் பற்றி எழுதுங்கள்: வருடக்கணக்கில் இழுத்த ஒரு வழக்கு, புகார் கொடுக்கப் பயந்த ஓர் அண்டை வீட்டுக்காரர், அப்படி ஏதாவது.

அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் கடனும் எஃப்-1 மாணவருக்குக் கிடையாது. கல்லூரியே தரும் உதவித்தொகைதான் வழி. பொதுப் பல்கலைக்கழகங்கள் உங்களிடம் வெளிமாநில மாணவருக்கான கட்டணத்தை வாங்கும், அதைக் குறைக்கும் சலுகை ஏதாவது உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். முழுக்க ஆன்லைனில் நடக்கும் கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டங்களின் விளம்பரங்கள் கண்ணில் படும், அவற்றுக்கு மாணவர் விசா கிடைக்காது. ஒரு செமஸ்டரில் முழுநேர மாணவராக இருக்க 12 கிரெடிட் வேண்டும், அந்தக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றைத்தான் சேர்க்க முடியும்.

ஐ-20 கைக்கு வந்ததும் வெளிநாட்டு மாணவர் பதிவேடான செவிஸுக்குக் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், பிறகு நேர்காணல். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

நேர்காணலில் இந்தப் படிப்புக்கு ஒரு தனிக் கேள்வி கட்டாயம் வரும்: எங்கள் நாட்டுக் குற்ற நீதியை நீங்கள் ஏன் படிக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். படிப்பு முடிந்து திரும்பும் எண்ணம் இருக்கிறதா என்று விசா அதிகாரி பார்க்கிறார். அந்த எண்ணம் இருப்பதாகத் தோன்றாவிட்டால் மறுக்க இடம் தரும், குடிவரவுச் சட்டத்தின் 214(பி) என்ற பிரிவில்தான் பெரும்பாலான மறுப்புகள் வருகின்றன. இங்கே போய் எஃப்பிஐ கனவைச் சொன்னால் இரண்டு விதத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று, அது நடக்காது என்பதுகூட உங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு, இங்கேயே தங்கப் போகிறேன் என்று நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். வங்கி மோசடித் தடுப்பு, சைபர் குற்ற விசாரணை, சிறைச் சீர்திருத்தம், குற்றப் புள்ளிவிவர ஆய்வு என்று உங்கள் நாட்டில் உண்மையில் இருக்கும் வேலை ஒன்றைச் சொல்லி, இந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் அதற்கு உதவும் என்று இரண்டே வரியில் சொல்லப் பழகுங்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள், அது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

முதல் செமஸ்டருக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

வகுப்பில் மற்றவர்கள் பள்ளியிலேயே அமெரிக்க அரசமைப்பைப் படித்தவர்கள், நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறீர்கள். ஆங்கிலம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் முதல் மாதம் தலை சுற்றும், ஏனென்றால் சிக்கல் மொழியில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. எனக்கு ஜெயில், பிரிசன் இரண்டும் ஒன்றுதான் என்ற நினைப்பு. முதல் தேர்வில் ஒரு கேள்வி முழுக்க அதில் போனது. ஜெயில் என்பது உள்ளூர் நிர்வாகம் நடத்துவது, விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் பொதுவாக ஒரு வருடத்துக்குள் தண்டனை பெற்றவர்களும் இருக்கும் இடம். பிரிசன் என்பது மாநிலமோ மத்திய அரசோ நடத்துவது, நீண்ட தண்டனைக்கானது. அதே மாதிரி ப்ரொபேஷன் என்றால் சிறைக்குப் போவதற்குப் பதிலாக வெளியில் கண்காணிப்பில் இருப்பது, பரோல் என்றால் சிறையில் ஒரு பகுதியைக் கழித்தபின் வெளியே விட்டுக் கண்காணிப்பது. ஃபெலனி பெரிய குற்றம், மிஸ்டிமீனர் சிறிய குற்றம். இந்த ஆறு சொற்களைத் தெளிவாகப் பிரித்துவிட்டால் முதல் மாதத்தின் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

அப்புறம் அமைப்பின் சிதறல். நாடு முழுக்க ஒரே போலீஸ், ஒரே தண்டனைச் சட்டம் என்று பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஏறக்குறைய 18,000 தனித்தனிப் போலீஸ் அமைப்புகள். 50 மாநிலங்களுக்கு 50 குற்றச் சட்டங்கள், அவற்றின் மேல் மத்தியச் சட்டம் வேறு. ஒரு மாநிலத்தில் மரண தண்டனை உண்டு, எல்லை தாண்டினால் கிடையாது. பெரும்பாலான இடங்களில் உள்ளூர் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃபையும் அரசுத் தரப்பு வழக்கறிஞரையும், பல மாநிலங்களில் நீதிபதியையும்கூட, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். திரைப்படங்களில் பார்த்த ஜூரி விசாரணை உண்மையில் அபூர்வம். தண்டனை பெறும் வழக்குகளில் 10-க்கு 9-க்கும் மேல் அரசுத் தரப்போடு பேரம் பேசி, குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிபவை. நீதிமன்றத்தைப் பற்றிய பாடத்தில் எனக்குப் பிடித்ததும் எரிச்சல் மூட்டியதும் இந்தப் பகுதிதான்.

தீர்ப்புகளைப் படிப்பது ஒரு தனிக் கலை. ஒவ்வொரு வழக்கையும் நான்காகப் பிரித்து ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொல்வார்கள்: என்ன நடந்தது, சட்டக் கேள்வி என்ன, நீதிமன்றம் என்ன சொன்னது, ஏன் சொன்னது. முதலில் அரசமைப்பின் இந்த நான்கு திருத்தங்களைப் படித்துவிடுங்கள்: நான்காவது திருத்தம் சோதனையும் கைப்பற்றலும், ஐந்தாவது மௌனம் காக்கும் உரிமை, ஆறாவது வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை, எட்டாவது கொடூரத் தண்டனைக்குத் தடை. பிறகு வழக்குகள் தானாகப் புரியும். கிடியன் என்ற ஏழைக் கைதி சிறையிலிருந்தபடியே பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியதால்தான், வசதியில்லாதவருக்கு அரசே ஒரு வழக்கறிஞரை வைத்துத் தர வேண்டும் என்று 1963-ல் ஆனது. 1966-ல் மிராண்டா வழக்கு, கைதானவரிடம் அவருடைய உரிமைகளைச் சொல்லிவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும் என்றது. 1968-ல் டெர்ரி வழக்கு, நியாயமான சந்தேகம் இருந்தால் தெருவில் நிறுத்தித் தட்டிப் பார்க்கலாம் என்று அனுமதித்தது. போலீஸ் சோதனையைப் பற்றிய இன்றைய சண்டைகளில் பாதி இதிலிருந்து கிளம்புபவை.

இன்னொரு விஷயம், அடிமை முறையின் வரலாறு தெரியாமல் இந்தப் படிப்பு புரியாது. அடிமை முறையை ஒழித்த 1865-ஆம் ஆண்டின் 13-ஆவது திருத்தத்திலேயே, குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் தவிர, என்று ஒரு விலக்கு இருக்கிறது. அங்கிருந்து தொடங்கி 2020 மே மாதம் மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்டது வரை ஒரு கோடு போகிறது, வகுப்பில் அந்தப் பேச்சு வரும்போது சூடு பறக்கும். முதல் சில வாரம் கேட்டுக்கொண்டிருங்கள். அப்புறம் பேசுங்கள். உங்கள் நாட்டில் எப்படி என்று எல்லோரும் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்பார்கள், அதற்கும் தயாராகப் போங்கள், நான் தயாராகப் போகவில்லை. என் சொந்த நாட்டின் ஜாமீன் நடைமுறையை ஓர் அமெரிக்க நூலகத்தில் உட்கார்ந்து முதன்முதலாகப் படித்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

புள்ளியியலைக் கண்டு ஓடாதீர்கள்

இந்தத் துறைக்கு வரும் பாதிப் பேர் கணக்கிலிருந்து தப்பித்து வருபவர்கள். நீங்கள் மற்ற பாதியில் இருங்கள், ஏனென்றால் உங்களுடைய அந்த இன்னொரு கைத்தொழில் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ரோந்து வண்டி அதிகம் சுற்றினால் குற்றம் குறையும் என்று யாருக்கும் தோன்றும். 1972-73-ல் கன்சாஸ் சிட்டியில் 15 ரோந்துப் பகுதிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் வழக்கமான ரோந்து, ஒன்றில் இரண்டு மூன்று மடங்கு, ஒன்றில் அழைத்தால் மட்டும் வருவது. ஒரு வருடம் பார்த்தார்கள். குற்ற எண்ணிக்கையிலோ மக்களின் பயத்திலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, ரோந்து மாறியதையே மக்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. இப்படி ஓர் ஆய்வைப் பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறது, பின்னால் வந்த ஆய்வுகள் ஏன் வேறு முடிவுக்கு வந்தன என்று கேட்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு. குற்றத்தை எண்ணுவதிலேயே இரண்டு கணக்கு இருக்கிறது. போலீஸுக்கு வந்த புகார்களை எஃப்பிஐ 1930-லிருந்து தொகுக்கிறது. வீடு வீடாகப் போய் உங்களுக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்கும் கணக்கெடுப்பு 1973-லிருந்து நடக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதில்லை, வன்முறைக் குற்றங்களில்கூடப் பாதிக்கு மேல் போலீஸ் வரை போவதே இல்லை என்று பிந்தையது காட்டுகிறது.

ஆகவே ஆர் (R) மாதிரி ஒரு புள்ளியியல் மென்பொருளை இரண்டாம் வருடத்துக்குள் கையில் பழக்குங்கள். வரைபடத்தில் குற்றத்தைக் குறித்துப் பார்க்கும் ஜிஐஎஸ் பாடம் இருந்தால் எடுங்கள். புள்ளியியல் அறவே ஒத்துவரவில்லை என்றால் கணக்குப்பதிவியலைப் பாருங்கள், மோசடியைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கணக்கு நோட்டைப் படிக்கத் தெரிந்தவரின் வேலை. கணினித் தடயவியல் மூன்றாவது வழி. ஓபிடி நீட்டிப்பும் வேண்டுமென்றால் இதை மைனராக, அதாவது துணைப்பாடமாக, எடுத்தால் போதாது, இரட்டை மேஜராக, அதாவது இரண்டாவது முதன்மைப் பாடமாக, ஐ-20-இல் ஏறியிருக்க வேண்டும். மைனர் கணக்கில் வராது என்பது தெரியாமல் கடைசி வருடத்தில் கையைப் பிசைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த முடிவை இரண்டாம் வருட இறுதிக்குள் எடுத்துவிடுங்கள்.

இன்டர்ன்ஷிப்: எந்தக் கதவைத் தட்டுவது

இரண்டாம் வருடக் கோடையில் ஒரு போலீஸ் துறையில் இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். நேர்காணல் முடிந்து, கைகுலுக்கி, பின்னணிச் சோதனைப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் குடியுரிமை என்ற கட்டம் வந்தது. அங்கேயே முடிந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, முதல் மின்னஞ்சலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள்: எஃப்-1 விசாவில் இருப்பவரை எடுப்பீர்களா? ஒரே ஒரு வரி.

வெளிநாட்டு மாணவருக்குக் கொஞ்சம் எளிதாகத் திறக்கும் இடங்கள் வேறு. ஏழைகளுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர் அலுவலகங்கள், தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகள், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் மையங்கள், சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கான தொண்டு நிறுவனங்கள். தவறான தண்டனைகளை டிஎன்ஏ சோதனை மூலம் உடைக்கும் இன்னசன்ஸ் புராஜெக்ட் 1992-ல் நியூயார்க்கில் தொடங்கியது, அதே மாதிரி அமைப்புகள் இன்று பல மாநிலங்களில் உண்டு. உங்களுக்கு இரண்டு மூன்று மொழி தெரியும் என்பது இங்கெல்லாம் பெரிய பலம், விண்ணப்பத்தில் அதை மேலே எழுதுங்கள், கடைசி வரியில் ஒளித்து வைக்காதீர்கள். பேராசிரியரின் ஆய்வுக்கு உதவியாளராகச் சேர்வது இன்னும் எளிது, வளாகத்துக்குள் என்பதால் செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை தனி அனுமதி இல்லாமலே வேலை செய்யலாம். சில பல்கலைக்கழகங்களின் வளாகப் போலீஸ் அலுவலகத்திலும் மாணவர்களுக்கு எழுத்து வேலை, இரவில் துணைக்குப் போகும் வேலை எல்லாம் உண்டு.

வளாகத்துக்கு வெளியே என்றால் சிபிடி என்ற, படிக்கும்போதே வேலைப் பயிற்சி பெறுவதற்கான அனுமதி வேண்டும். ஒரு முழுக் கல்வி ஆண்டு முடிந்திருக்க வேண்டும், வேலை பாடத்திட்டத்தோடு பிணைந்ததாக இருக்க வேண்டும், வேலை தொடங்கும் தேதிக்கு முன்பே அனுமதி ஐ-20-இல் ஏறியிருக்க வேண்டும். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் ஓபிடி பறிபோகும். சம்பளமில்லாத வேலைதானே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், சர்வதேச அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

வேலையில்லாத வழியிலும் உள்ளே நுழையலாம். போலீஸ் வண்டியில் ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கூட உட்கார்ந்து போகும் ரைட்-அலாங் பல ஊர்களில் உண்டு. நீதிமன்றங்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்தவை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், ஒருவரின் வழக்கு நான்கு நிமிடத்தில் முடிவதைப் பார்ப்பீர்கள். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1997-ல் தொடங்கிய இன்சைட்-அவுட் என்ற திட்டத்தில் கல்லூரி மாணவர்களும் கைதிகளும் சிறைக்குள் ஒரே வகுப்பில் சேர்ந்து படிக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் அது இருந்தால் வேறு எதை விட்டாவது அதில் சேருங்கள்.

உங்கள் மேல் வழக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

சட்டம் படிப்பவருக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். சொல்ல வேண்டும். கஞ்சா பல மாநிலங்களில் கடையில் விற்கிறது, ஆனால் மத்தியச் சட்டப்படி இன்னும் குற்றம், விசா மத்தியச் சட்டத்தின் கையில் இருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமலே வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். இந்தத் துறை மாணவருக்கென்றே ஒரு தனி ஆபத்தும் உண்டு: துப்பாக்கி. வகுப்போடு சுடும் பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார்கள், எல்லோரும் வரிசையில் நின்று கையில் வாங்குவார்கள். மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, விதிவிலக்குகள் மிகச் சில. ஆசிரியருக்கே இது தெரியாமல் இருக்கலாம். பார்க்கலாம், தொடாதீர்கள், குடிவரவு வழக்கறிஞர் ஒருவர் எழுத்தில் சரி என்று சொல்லாதவரை.

2010-ல் வந்த பதியா வழக்கை இந்த இடத்தில் படித்துவிடுங்கள். நாற்பது வருடமாக அமெரிக்காவில் சட்டப்படி வாழ்ந்த, வியட்நாம் போரில் அந்நாட்டுக்காகச் சண்டை போட்ட ஒரு லாரி ஓட்டுநர். கஞ்சா கடத்திய வழக்கில், இத்தனை வருடம் இருந்ததால் நாடு கடத்த மாட்டார்கள் என்று வழக்கறிஞர் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அது நேராக நாடு கடத்தலில் கொண்டுபோய் நிறுத்தியது. குடியுரிமை இல்லாதவருக்கு அந்த விளைவைச் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வகுப்பில் இருக்கும் மற்றவர்களுக்கு அது இன்னொரு தீர்ப்பு. நான் அதை மூன்று முறை படித்தேன்.

கடைசி வருடம்

ஓபிடிக்குப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிலிருந்து 60 நாள் பின்புவரை விண்ணப்பிக்கலாம். முன்பே போடுங்கள், ஒப்புதல் வர மாதங்கள் ஆகும். ஓபிடி தொடங்கிய பின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. வேலை உங்கள் பட்டத்தோடு நேரடித் தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும், ஆகவே அந்தத் தொடர்பை விளக்கும் ஒரு பத்தியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலை? வங்கிகளில் பணமோசடித் தடுப்பு, சந்தேகப் பரிவர்த்தனைகளை ஆராய்வது, காப்பீட்டு மோசடி, நிறுவனங்களின் உள் விசாரணை, ஆய்வு நிறுவனங்களில் தரவு வேலை. இவற்றில் பல தனியார் வேலைகளில் குடியுரிமையைவிட வேலை அனுமதிதான் கேள்வி. அதற்குப் பின் எச்-1பி வேலை விசா என்றால் அது குலுக்கல், அதோடு அந்த வேலைக்கு ஒரு குறிப்பிட்ட துறையின் பட்டம் தேவை என்று நிறுவனம் காட்ட வேண்டும், வெறும் கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டத்தை வைத்து அதைக் காட்டுவது கடினம். மேற்படிப்பு இன்னொரு வழி. கிரிமினாலஜி முனைவர் படிப்பில் பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகின்றன, புள்ளியியல் தெரிந்தவர்களை அவர்களே தேடுகிறார்கள். சர்வதேச அமைப்புகளில் ஆர்வம் இருந்தால் வியன்னாவில் ஐநாவின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் இருக்கிறது, லியோனில் இன்டர்போல் இருக்கிறது. இரண்டிலும் இளங்கலையோடு நேராக வேலை கிடைப்பது அரிது, ஆனால் முதுகலைக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் எடுத்த ஒவ்வொரு வகுப்பின் பாடத்திட்டத் தாளையும், வாசிப்புப் பட்டியலோடும் கிரெடிட் எண்ணிக்கையோடும், கல்லூரி மின்னஞ்சல் மூடப்படுவதற்கு முன் சேமித்து வையுங்கள். கிரிமினல் ஜஸ்டிஸ் என்ற பெயரில் ஒரு பட்டம் பல நாடுகளில் கிடையாது. பட்டத்தைச் சமமாக மதிப்பிடும் அலுவலகத்தில், இது சட்டமா, சமூகவியலா, போலீஸ் பயிற்சியா என்று கேட்பார்கள், அப்போது அந்தத் தாள்களைத்தான் எடுத்து நீட்ட வேண்டியிருக்கும்.